நடைபாதையிலிருந்து காப்பகத்துக்கு: சென்னையில் வீடற்ற ஒருவரைச் சேர்க்க முழுமையான வழிகாட்டி

ஒவ்வொரு மழைக்காலத்திலும் இது நடக்கிறது. கடை வாசலில் நனைந்து கிடக்கும் பெரியவரைப் பார்த்து ஒருவருக்கு மனசு கேட்காமல் போகிறது. உடனே ஆட்டோ பிடித்து, ராத்திரியோடு ராத்திரியாக ஏதோ ஒரு காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறார். நிம்மதியாகத் தூங்குகிறார். மறுநாள் மாலை அதே வழியாக வந்தால், அதே கடை வாசலில் அதே பெரியவர்.

"காப்பகம் சரியில்லை", "அவருக்கே வர இஷ்டமில்லை" என்று இரண்டு காரணங்கள் சொல்வார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இரண்டும் இல்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறோம், அவ்வளவுதான். நானும் அப்படிச் செய்து ஏமாந்தவன். இங்கே சொல்வது சென்னைக்கான முறை. வேறு நகரத்தில் இருப்பவர்கள் தங்கள் மாநகராட்சி அல்லது நகராட்சியில் விசாரித்தால் வரிசை ஏறக்குறைய இதேதான்.

1. காப்பகம் யாருக்கு, யாருக்கு இல்லை

சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் வீடற்றோர் காப்பகங்கள் பல இருக்கின்றன. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் நெறிமுறைப்படி, நகரத்தில் ஒரு லட்சம் மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் அளவுக்கு, ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் இடம் இருக்க வேண்டும். ஆனால் எல்லாக் காப்பகமும் எல்லாருக்கும் இல்லை. ஆண்களுக்கு, பெண்களுக்கு, மனநலம் குன்றியவர்களுக்கு, அரசு மருத்துவமனையில் நோயாளியோடு வந்து தங்குபவர்களுக்கு என்று தனித்தனி. புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான்.

தனியாக இருக்கும் முதியவர், தனிப் பெண், வேலைக்குப் போய்க்கொண்டே தெருவில் படுக்கும் ஆண், பர்ஸும் போனும் தொலைத்துவிட்டு சென்ட்ரலில் மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரர் ஆகியோருக்குக் காப்பகம் பொருந்தும்.

பாரிமுனை, சவுகார்பேட்டைப் பக்கம் தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்களுக்குப் பொருந்தாது. அங்கே போனால் அப்பா ஒரு கட்டடம், அம்மாவும் பெண்ணும் வேறு கட்டடம் என்று பிரிய வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் பெரியவர்களின் பிழைப்பும் அந்தத் தெருவைச் சுற்றித்தான் இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வீடு. அது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தோடு நடத்த வேண்டிய வேறு போராட்டம். அதைக் காப்பகத்தால் ஈடுகட்ட முயலாதீர்கள்.

குழந்தை தனியாக இருந்தால் நீங்களாக எங்கேயும் அழைத்துப் போகக் கூடாது. 1098க்கு அழையுங்கள். சிறார் நீதிச் சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும். நல்லெண்ணத்தோடு வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டாலும் சிக்கல் உங்களுக்குத்தான்.

2. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. அதில் உங்கள் பகுதிக்கு அருகில் உள்ள மூன்று நான்கு காப்பகங்களின் பெயர், அங்கே யாரைச் சேர்ப்பார்கள், மேலாளரின் எண். மாநகராட்சியின் உதவி எண் 1913இல் கேட்கலாம். மண்டல அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பது இன்னும் நல்லது. முடிந்தால் ஒரு நாள் அந்தக் காப்பகங்களுக்கே போய் வாருங்கள். கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, படி ஏற வேண்டுமா, இரவு எத்தனை மணிக்குக் கதவு சாத்துகிறார்கள் என்பதை நேரில் பார்த்தவர் சொன்னால்தான் தெருவில் இருப்பவர் நம்புவார்.

பிற எண்கள்: மயங்கிக் கிடந்தால் 108, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416. சென்னை காவல்துறை 2021இல் தொடங்கிய 'காவல் கரங்கள்' என்ற ஏற்பாடும் ஆதரவற்றோரை மீட்டுச் சேர்க்கிறது. அதன் எண்ணையும் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் தண்ணீர், ஒரு லுங்கி அல்லது நைட்டி, துண்டு, சோப்பு, செருப்பு, ஒரு காலி சாக்கு, சணல் கயிறு, மார்க்கர் பேனா. காலி சாக்கு எதற்கு என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன். நோட்டு நோட்டாகப் பணம் கொடுக்காதீர்கள். அன்று ராத்திரி அதைப் பறிக்க யாராவது வருவார்கள், அடியும் அவருக்குத்தான் விழும்.

3. இரவில் பேசுங்கள், பகலில் அழைத்துப் போங்கள்

கடைகளின் ஷட்டர் இறங்கிய பிறகுதான் பலர் படுக்க வருவார்கள். ஆளைப் பார்க்க ராத்திரி ஒன்பதரையிலிருந்து பத்தரைதான் நல்ல நேரம். அதற்கு மேல் தூங்குபவரை எழுப்பினால், போலீஸோ திருடனோ என்றுதான் முதலில் பயப்படுவார்.

நின்றபடி பேசாதீர்கள். இரண்டு முழம் தள்ளி உட்காருங்கள். ஐயா, அம்மா, அண்ணே, பாட்டி என்று வயசுக்குத் தகுந்தபடி கூப்பிடுங்கள். "சாப்பிட்டீங்களா?" என்று எல்லாரும் கேட்டுவிட்டார்கள். அதற்கு வரும் பதிலில் ஒன்றும் தெரியாது. "ஐயா, போன வாரம் அந்தப் பெரிய மழையில எங்க படுத்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு வேறு இடம் உண்டா, துணை உண்டா, யார் விரட்டுகிறார்கள், மூட்டை எங்கே இருக்கிறது என்று பாதி விவரம் அந்த ஒரே பதிலில் வந்துவிடும்.

முதல் நாளே "வாங்க போகலாம்" என்று சொல்லாதீர்கள். இடம் ஒன்று இருக்கிறது, காசு கிடையாது, பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம், பூட்டி வைக்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள். பூட்டி வைக்க மாட்டார்கள் என்பதை இரண்டு தடவை சொல்லுங்கள். பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1945ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இருக்கிறது. வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும் கதைகளை அவர்கள் கேட்டிருப்பார்கள், சிலர் அனுபவித்தும் இருப்பார்கள்.

இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் அவரே கேட்பார்: "அங்க பீடி குடிக்க விடுவாங்களா?" அந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. பொய் சொல்லாதீர்கள். உள்ளே கூடாது, வெளியே போய்க் குடிக்கலாம் என்றால் அப்படியே சொல்லுங்கள். சொல்லாமல் விட்ட விதி ஒவ்வொன்றும் இரண்டாம் நாள் அவர் வெளியேறக் காரணமாகும்.

அழைத்துப் போவது காலை பத்து மணிக்கு மேல். கதவு 24 மணி நேரமும் திறந்திருக்கும் என்பது உண்மைதான், ஆனால் நள்ளிரவில் இருப்பவர் ஒரு காப்பாளர் மட்டுமே. குளிக்க வைக்க, படுக்கை ஒதுக்க, பதிவேட்டில் நிதானமாக எழுத ஆள் இருக்காது. ஏற்கெனவே தூங்கும் நாற்பது பேரின் முணுமுணுப்புக்கு நடுவில் புதியவர் நுழைய வேண்டியிருக்கும். புயல் எச்சரிக்கை, தனியாக இருக்கும் பெண், காய்ச்சல் என்றால் மட்டும் நேரம் பார்க்க வேண்டாம்.

4. முதலில் ஆஸ்பத்திரியா என்று முடிவு செய்யுங்கள்

காப்பகம் மருத்துவமனை இல்லை. புழு வைத்த புண், வீங்கிக் கறுத்த கால், நிற்க முடியாத நிலை, மூச்சிரைப்பு, பேச்சில் குழப்பம் என்றால் நேராக அரசு மருத்துவமனை. இதைத் தலைகீழாகச் செய்தால் காப்பகத்தில் மறுப்பார்கள், அந்த மறுப்பைக் கேட்டபின் பெரியவர் வேறெங்கும் வர மாட்டார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சேர்க்கும் முன் சளிப் பரிசோதனை. நெருக்கமாகப் படுக்கும் கூடத்தில் காசநோய் ஒருவரோடு நிற்காது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் அரசு தருகிறது.

குடிப்பழக்கத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு மிகப் பயம் தருவது அதுதான். தினமும் குடித்தவர் காப்பகத்துக்கு வந்ததால் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, இல்லாத உருவம் தெரிவது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. "குடிக்க மாட்டார்" என்று சமாளித்துச் சேர்ப்பது அவருக்குச் செய்யும் துரோகம். மேலாளரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கு ஒரே வேளையில் வயிறு முட்டப் பிரியாணி வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து. கஞ்சி, இட்லி என்று கொஞ்சம் கொஞ்சமாக.

மனநோயோடு தெருவில் திரிபவருக்கு வழி வேறு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் திரிபவரைப் பாதுகாப்பில் எடுப்பது அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் மதிப்பீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பில் வைக்கக் கூடாது. காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் நிலைய அதிகாரியின் பொறுப்பு. இந்தப் பிரிவின் எண்ணை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை, எண்ணைச் சொன்னாலே பேச்சு மாறும்.

5. இடம் உறுதியானபின் கிளம்புங்கள்

மேலாளரிடம் போனில் ஆறு விவரம் சொல்லுங்கள்: ஆணா பெண்ணா, வயது, நடப்பாரா, நோய் என்ன, என்ன மொழி பேசுவார், வேலைக்குப் போகிறாரா. கடைசிக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். கல்யாண சமையல் வேலைக்குப் போகிறவர் ராத்திரி ஒரு மணிக்குத் திரும்புவார். கோயம்பேட்டில் மூட்டை தூக்குபவர் பகலில்தான் தூங்குவார். கதவு நேரமும் அவர் வேலை நேரமும் ஒத்துப்போகாவிட்டால் காப்பகம் அவர் பிழைப்பைக் கெடுத்துவிடும். முன்பே பேசினால் பெரும்பாலும் வழி பிறக்கும்.

அடையாள அட்டை இல்லை என்று தயங்க வேண்டாம். அட்டை வாங்க உதவுவதும் காப்பகத்தின் வேலைகளில் ஒன்று.

6. மூட்டை

ஒரு மழை நாளில் பெரியவர் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்தேன். மூன்று வாரம் பிடித்தது. ஆட்டோ வந்து நின்றது. அவர் கையில் நாற்றமடிக்கும் ஒரு கோணிப்பை. "இது எதுக்கு ஐயா, அங்க எல்லாம் புதுசா தருவாங்க" என்று வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலை நாலு மணிக்குக் காப்பகத்திலிருந்து நடந்தே கிளம்பிவிட்டார். அவர் போய்ச் சேர்வதற்குள் தெரு பெருக்கி முடித்திருந்தார்கள். பைக்குள் என்ன இருந்தது என்று பிறகுதான் சொன்னார்: மனைவியின் படம், பழைய ரேஷன் அட்டை நகல், ஊரில் இருக்கும் தம்பியின் எண் எழுதிய காகிதம். அதற்கப்புறம் அவர் என்னோடு எங்கேயும் வரவில்லை.

ஆகவே மூட்டையை அவர் கண்ணெதிரில், அவர் கையாலேயே புதுச் சாக்குக்குள் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். மார்க்கரால் பெயர் எழுதுங்கள். நீங்கள் பிரிக்காதீர்கள், எதையும் குப்பை என்று சொல்லாதீர்கள். காப்பகத்தில் அதை வைக்க இடம் எது என்பதை அவரே பார்க்கட்டும். துணி துவைப்பதெல்லாம் மூன்றாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

குப்பை பொறுக்குபவரிடம் வண்டி இருக்கும். அது அவருடைய மூலதனம். காயலான் கடைக்காரரிடம் பேசி அங்கே நிறுத்த ஏற்பாடு செய்துவிட்டுத்தான் ஆளைக் கிளப்ப வேண்டும். நாய் இருந்தால், உண்மையாகவே, அதற்கும் யாரையாவது பிடிக்க வேண்டும். டீக்கடைக்காரர்கள் இதில் கை கொடுப்பார்கள்.

7. சேர்க்கும் நாள்

அவருக்குப் பழக்கமான ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். பக்கத்தில் படுப்பவர், பூக்கார அம்மா, யாராக இருந்தாலும் சரி. ஆள் எங்கே போனார் என்று தெருவில் நாலு பேருக்குத் தெரிந்திருப்பது அவருக்குத் தெம்பு. பெண்ணை அழைத்துப் போனால் உங்களோடு ஒரு பெண் கட்டாயம் இருக்க வேண்டும்.

போட்டோ, வீடியோ வேண்டாம். குளிப்பாட்டும் முன், குளிப்பாட்டிய பின் என்று இரண்டு படங்களைப் போட்டு விருப்பக்குறி வாங்குவது இப்போது பெரிய வியாதியாகிவிட்டது. அந்தப் படம் ஊரில் மகளுடைய மாமியார் வீடு வரை போகும். அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண்ணாக இருந்தால், யாரிடமிருந்து ஓடினாளோ அவனுக்கே முகவரி கொடுத்தது போலாகும்.

பதிவேட்டில் எழுதும்போது பதிலை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள். பெயரை அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே பதியட்டும். ஆனால் பிற்பாடு ஆதாரில் வரப்போகும் எழுத்துக்கும் இதற்கும் வித்தியாசம் வந்தால் அலைச்சல் என்பதால், பழைய அட்டை ஏதாவது இருந்தால் அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் நீங்கள் எப்போது மறுபடி வருவீர்கள் என்று நாளும் நேரமும் சொல்லுங்கள். "அப்புறம் வரேன்" வேண்டாம்.

8. முதல் மூன்று இரவுகள்

போகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்று இரவுகளுக்குள்தான் போகிறார்கள். அதனால் மறுநாள் மாலை கட்டாயம் போய்ப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்பார். "யார் பக்கத்துல படுத்தீங்க? ராத்திரி பாத்ரூம் போக வெளிச்சம் இருந்துச்சா? செருப்பு இருக்கா?" என்று கேளுங்கள். செருப்பு திருடுபோவது வெளியிலிருப்பவருக்குச் சின்ன விஷயம். வெறுங்காலோடு தெருவில் நாட்களைக் கழித்தவருக்கு இல்லை. மின்விசிறிக்கு நேர்கீழே படுத்துப் பழக்கமில்லாமல் குளிரில் தூங்காமல் இருந்தவரைப் பார்த்திருக்கிறேன். படுக்கையை மாற்றியதும் எட்டு மாதம் அங்கேயே இருந்தார்.

போய்விட்டாலும் திட்டாதீர்கள். இரண்டு நாள் விட்டு அதே இடத்துக்குப் போய், மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் முறை தங்குபவர்கள் நிறைய. மேலாளரிடமும் பெயரை அடிக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

9. அட்டைகளின் வரிசை

ஒரு வாரம் தங்கியபின் இதைத் தொடங்கலாம். முதலில் ஆதார், அடுத்து வங்கிக் கணக்கு, அதற்கப்புறம் ஓய்வூதியம். ஆதார் இல்லாமல் கணக்கு இழுத்தடிக்கும், கணக்கு இல்லாமல் பணம் வராது.

ஆதாரில் எல்லாரும் செய்யும் தவறு, "இல்லை" என்று சொன்னவுடன் புதிதாக விண்ணப்பிப்பது. பலருக்கு ஊரில் எப்போதோ எடுத்திருப்பார்கள், தொலைந்திருக்கும், மறந்திருக்கும். புதுப் பதிவு மாதக்கணக்கில் காத்திருந்து, ஏற்கெனவே உள்ளது என்று திரும்பி வரும். ஆதார் சேவை மையத்தில் கைரேகை வைத்துப் பழைய எண்ணைத் தேடச் சொல்லுங்கள். பெயர், பிறந்த ஆண்டு, பழைய ஊரின் பின்கோடு கேட்பார்கள், அதனால் முந்தின நாளே ஊர்ப்பெயரைக் கேட்டு வையுங்கள். ரேகை தேய்ந்தவர்களுக்குக் கண் கருவிழியை வைத்துத் தேடலாம். உண்மையிலேயே இல்லை என்றால் மட்டும் புதுப் பதிவு, அது இலவசம். முகவரிக்கு அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்று செல்லும்.

ஆதரவற்ற முதியோருக்கான ஓய்வூதியம் தமிழ்நாட்டில் 2023இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வருவாய்த் துறையினர் நேரில் விசாரிப்பார்கள். அந்த நாளில் ஆள் காப்பகத்தில் இருக்க வேண்டும். டீ குடிக்கப் போயிருந்ததால் திரும்பவும் முதலிலிருந்து அலைந்தவர்கள் உண்டு.

வாக்காளர் அட்டைக்குத் தெருவில் படுப்பவரே விண்ணப்பிக்கலாம். படிவம் 6இல் படுக்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்து உறுதி செய்வார். வேறு முகவரிச் சான்று வேண்டியதில்லை. காப்பகத்துக்கு வரவே மாட்டேன் என்பவருக்கும் இதைச் செய்து கொடுக்கலாம்.

10. வீட்டுக்கு அனுப்பும் முன்

ஊர்ப்பெயர் தெரிந்ததும் போனைக் கையில் எடுக்காதீர்கள். முதலில் அவரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். காரணம் சொல்ல அவருக்கு ஆறு மாதம்கூட ஆகலாம்.

மாவட்டம் சொல்லத் தெரியாத வெளிமாநிலத்தவரிடம் பெரிய ஊர்ப்பெயரைக் கேட்டுப் பயனில்லை. சந்தை கூடும் ஊர் எது, எந்த ஆறு ஓடுகிறது, சாமி பெயர் என்ன, பஸ் எங்கே ஏறுவீர்கள் என்று கேளுங்கள். அதே மொழி பேசும் கட்டடத் தொழிலாளி ஒருவரை உட்கார வைத்தால் அரை மணியில் தெளிவாகிவிடும்.

பிள்ளைகள் கைவிட்ட முதியவர் என்றால், 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். வக்கீல் தேவையில்லை. ஆனால் பெரும்பாலான அம்மாக்கள் மகன் பேரில் மனு கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள். அதையும் வற்புறுத்தாதீர்கள்.

அழைத்துப்போக உறவினர் வந்தால், காப்பகத்தின் பதிவேட்டில் அவர்களுடைய அட்டை நகலும் கையெழுத்தும் வாங்கியபின் அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அவரிடமே போனைக் கொடுக்கச் சொல்லிப் பேசுங்கள். மகன் பேசினால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். "அம்மா எங்கே?" என்று கேளுங்கள்.